கணக்கில் வராத வெப்பம்

என் அக்கா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நாற்பது டிகிரிக்கு மேலான வெப்பத்தில் நின்றாள். அதற்குப் பெயர் வேலை. அதே கட்டடத்தில், அடுத்த அறையில், சைக்கிள் வீரர்கள் ஆறு பேர் நாற்பது டிகிரியில் ஒரு மணி நேரம் மிதித்தார்கள். அதற்குப் பெயர் பயிற்சி. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் தெர்மாமீட்டர், தண்ணீர், ஐஸில் நனைத்த துண்டு, "போதும், இறங்குங்க" என்று சொல்ல ஒரு ஆள். இந்தப் பக்கம் எதுவும் கிடையாது. கோபமாக எழுதுகிறேன் என்று படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்து, நீராவியில் கொதிக்கும் ஒரு பெரிய உருளைக்குள் செலுத்த வேண்டும். மறுபக்கம் அது சுருக்கமில்லாமல், தொட முடியாத சூட்டில் வெளியே வரும். அந்த உருளையை ரோலர் என்பார்கள். ரோலர் அறையில் ஒன்பது பெண்கள். ஜன்னல் உண்டு, ஆனால் திறக்கக் கூடாது, தூசி வருமாம். விசிறி கூடாது, விரிப்பு பறந்து கோணலாக உள்ளே போகுமாம். தண்ணீர்க் கேன் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் எதிர்முனையைப் பிடிப்பவளும் கை கட்டி நிற்க வேண்டும், சூப்பர்வைசர் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார். அதனால் யாரும் போனதில்லை.

அந்த அறைக்கென்று ஒரு அறிவு இருக்கிறது. எல்லோருக்கும் கருநீலச் சட்டைதான் சீருடை. புதிதாகச் சேர்ந்தவளின் சட்டை முதுகில் மத்தியானத்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். வியர்வை காய்ந்து படிந்த உப்பு. இரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிட்டால் அந்தக் கோடு மெல்ல மங்கிப் போகும். வியர்வை அதே அளவு கொட்டும், உப்பு மட்டும் குறைந்துவிடும். "இவளுக்கு உப்பு இறங்கிடுச்சு, இனி ஓட மாட்டா" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் உப்பு இறங்கியது. இப்போது அவளுக்கு இருபத்தேழு.

சைக்கிள் அவளுக்கு ஆசையால் வந்ததில்லை. வீட்டிலிருந்து லாண்டரிக்குப் பதினேழு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் பாதி நாள் நிற்காமலே போகும். ஒரு பழைய சைக்கிளை வாங்கினாள். அடுத்து அதைவிடக் கொஞ்சம் நல்ல பழைய சைக்கிள். சுற்றுச்சாலையில் காலையில் சைக்கிள் கிளப் ஆட்கள் வரிசையாகப் போவார்கள், பளபளவென்ற உடையில். ஒரு நாள் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை ஆட ஆட அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கோச் அவளை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எந்த ஓட்டத்துக்கும்மா பயிற்சி பண்றீங்க?"

"ஒன்பது மணிக்கு கார்டு பஞ்ச் பண்ணணும் சார். அதுக்குத்தான். கொஞ்சம் வழி விடுறீங்களா?"

இப்படித்தான் கிளப்பில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வைத்த பெயர் இஸ்திரி. வைத்தவர் மருந்துக்கடைக்காரர். ஐம்பதைத் தொடும் வயது, கிளப்பிலேயே வாய் நீளமானவர். அக்கா அவரைத் திருப்பி "மாத்திரை அண்ணே" என்று கூப்பிடுவாள்.

வருடத்துக்கு ஒரு முறை, வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில், முந்நூறு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். விடியும்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு கிளப்புக்கு ஆறு பேர். இதில் போக வேண்டும் என்பது மூன்று வருடமாக அக்காவின் நினைப்பு. வீட்டில் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். இந்த வருடம் நடந்த தேர்வு ஓட்டத்தில் ஐந்து இடங்கள் பழைய ஆட்களுக்குப் போயின. ஆறாவது இடத்துக்கு அக்காவும் ஒரு வங்கிக்காரரும். அக்கா அவரைவிடப் பத்தொன்பது நிமிடம் முன்னால் வந்தாள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம், போன வருட ஓட்டத்தில் கிளப்பின் ஆள் ஒருவர் மத்தியான வெயிலில் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்து, சைக்கிளை விட்டு இறங்கி நடுரோட்டில் படுத்துவிட்டார். இரண்டு நாள் மருத்துவமனை. கோச் அதில் ஆடிப் போய்விட்டார். எங்கெங்கோ படித்து, யார் யாரிடமோ கேட்டு, இந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தார். போகிற எல்லோரும் தொடர்ந்து பத்து நாள் சூடான அறைக்குள் மிதித்து உடம்பை வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். அதன் பிறகும் ஓட்டம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே போக வேண்டும், விட்டால் பழகியது போய்விடும். பத்து நாள் முடிக்காதவருக்கு அணியில் இடமில்லை.

அதை விளக்கும்போது அவர் சொன்னார்: "உடம்பு கத்துக்கும். சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும். அதே வேலைக்கு இதயம் கம்மியா துடிக்கும். வேர்வையில உப்பு குறையும்."

"உப்பு இறங்குறது சார்" என்றாள் அக்கா. "எங்களுக்குத் தெரியும்."

கோச் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அறைதான் கிடைக்கவில்லை. ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று ஹீட்டர்களை வைத்துப் பார்த்தார்கள், ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. அப்போது அக்கா வாயைத் திறந்தாள். அவள் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அதுதான். "எங்க லாண்டரியில துணி காய வைக்கிற டிரையர் அறை சும்மாவே கொதிக்குது. அஞ்சு மணிக்கு அங்க வேலை முடிஞ்சிடும், ஆறு மணிக்கு பாய்லரை அணைக்கிற வரைக்கும் சூடு இருக்கும். நான் முதலாளிகிட்ட கேட்கட்டுமா?"

முதலாளி உடனே சம்மதித்தார். விளையாட்டுக்கு உதவும் நிறுவனம் என்று வாசலில் பேனர் கட்டினார்கள். கோச் விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து கண்ணாடிக் கதவில் ஒட்டினார். முதல் நாள் முப்பது நிமிடத்துக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு மணி நேரத்தில் நிறுத்த வேண்டும். அறை நாற்பது டிகிரியைத் தாண்டினால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கால்மணிக்கு ஒரு தடவை தண்ணீர். உள்ளே போகும்போதும் வரும்போதும் எடை பார்க்க வேண்டும், நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்தால் அந்த ஆள் மறுநாள் வரக் கூடாது. தலை சுற்றினாலோ, அந்தச் சூட்டிலும் கையில் புல்லரித்தாலோ உடனே நிறுத்த வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் கிடையாது. அடியில் கோச்சின் கையெழுத்து, பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து.

நல்ல விதிகள். எதிலும் குறை சொல்ல முடியாது. என் கோபமே அதுதான்.

பத்து நாளைக்கு மட்டும் ஐந்து மணிக்கு விடச் சொல்லி அக்கா முதலாளியிடம் கேட்டாள்.

"உனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா."

"மத்தவங்க யாரும் சைக்கிள் ஓட்டலையே சார்."

"ஓட்டல் விரிப்பு போகணும். ரோலரை யார் பார்ப்பாங்க?"

ஆக, அவள் கேட்டு வாங்கிக் கொடுத்த அறைக்குள் வங்கிக்காரர் உட்பட ஆறு பேர் மிதித்தார்கள். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். முதல் நாள் முப்பதாவது நிமிடம் கோச் விசில் ஊதினார். எல்லோரும் இறங்கித் தாழ்வாரத்தில் விசிறிக்கு முன்னால் உட்கார, ஆளுக்கொரு ஐஸ் துண்டு. அக்கா அப்போது ஏழு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் கோச்சிடம் போனாள். "சார், நான் இருக்கிற அறை உங்க அறையைவிடச் சூடு. எட்டு மணி நேரம். அதை என் பத்து நாளா எடுத்துக்க முடியாதா?"

"வேலை வேற, பயிற்சி வேறம்மா. பயிற்சின்னா அளந்து செய்யறது. நீங்க நிக்கிறதை யாரு அளந்தாங்க?"

"அளந்தா?"

"அளந்து கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அக்கா அதைப் பேச்சை முடிப்பதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்துக்கடைக்காரரிடம் ஒரு தெர்மாமீட்டர் கேட்டாள். "இஸ்திரிக்கு எதுக்கு ஜுரம் பார்க்கிற சாமான்?" என்று கிண்டல் செய்துவிட்டு, சுவரில் தொங்கவிடும் பெரிய தெர்மாமீட்டர் ஒன்றும், மார்பில் கட்டிக்கொண்டால் துடிப்பைக் கணக்கிடும் பட்டை ஒன்றும் கொடுத்தார். எடைக்கு லாண்டரியிலேயே தராசு இருந்தது, அழுக்கு மூட்டைகளை எடை போடுவது. காலையிலும் மாலையிலும் மூட்டைகளுக்கு நடுவே அதில் ஏறி நின்றாள். கிளப்பின் அதே படிவம், அதே கட்டங்கள். முதல் நாள்: மத்தியானம் மூன்று மணிக்கு அறை நாற்பத்து மூன்று டிகிரி. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு. காலையில் ஐம்பத்திரண்டு கிலோ, மாலையில் ஐம்பதரை.

அப்போது அவளுக்கு வேண்டியது ஆறாவது இடம் மட்டுந்தான். அதை மறைக்க மாட்டேன், அவளும் மறைக்கவில்லை.

நான்காவது நாள் அது மாறியது. அந்த வாரம்தான் ரோலருக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். எல்லோரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். முதல் நாளே முழு ஷிப்ட் நிறுத்தினார்கள். அவள் வந்த மூன்றாம் நாள் மத்தியானம், அக்காவின் எதிர்முனையில் அவள் பிடித்திருந்த விரிப்பு கோணலாகப் போக ஆரம்பித்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். புதுசின் கைகளில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. நாற்பத்து மூன்று டிகிரியில், குளிரில் நிற்பவளைப் போல. கதவில் ஒட்டியிருந்த தாளைத் தினமும் படித்திருந்ததால்தான் அக்காவுக்கு அது என்னவென்று தெரிந்தது. சிவப்புப் பொத்தானை அடித்து ரோலரை நிறுத்தவும் புதுசு விரிப்புக் குவியலில் சரியவும் சரியாக இருந்தது. ரோலர் பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை.

தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்கள். அங்கே ஐந்து மணிக்காக ஐஸ் தொட்டி தயாராக இருந்தது. அக்கா துண்டுகளை அள்ளினாள்.

"அது சைக்கிள்காரங்களுக்கு வச்சது" என்றார் சூப்பர்வைசர்.

ஒன்பது பேரில் மூத்தவளை மடிப்பு அக்கா என்பார்கள், ஒரு நிமிடத்துக்கு ஆறு விரிப்பு மடிப்பாள். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அவங்க வர்ற வரைக்கும் மயக்கத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்க சார், இவகிட்ட."

துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். கால்மணி நேரத்தில் புதுசு கண் திறந்தாள். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்றார்.

"சாப்பிட்டேன் சார்" என்று படுத்தபடியே சொன்னாள் அவள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை மடிப்பு அக்கா அக்காவிடம் கேட்டாள்: "என்னடி தினமும் தராசுல ஏறி ஏறி எழுதுற?" அக்கா சொன்னாள். மடிப்பு அக்கா கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தாள். "என்னையும் எழுது" என்றாள். மறுநாள் தராசுக்கு முன்னால் ஒன்பது பேரும் வரிசை. "நீ ஏறாதே, மூட்டைன்னு நினைச்சு மெஷின்ல போட்டுடுவாங்க" என்று ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டே ஏறினார்கள். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்த எண்களை நான் கட்டம் போட்டுப் படியெடுத்தேன். பத்து நாள் முடிந்தபோது தாளில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒருநாளும் எடை இழப்பு நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே இல்லை. மடிப்பு அக்காவுக்கு ஒருநாள் நான்கு.

பதினோராம் நாள் மாலை தாழ்வாரத்தில் கோச்சின் கையில் அக்கா அதைக் கொடுத்தாள். தாளைக் கொண்டுபோனவள் என்பதால் நானும் அங்கே நின்றேன். அவர் நின்றபடி படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நிஜமா?"

"உங்க கிளப் ஆள் கொடுத்த தெர்மாமீட்டர் சார். உங்க படிவம்."

"இது பயிற்சி இல்லம்மா" என்றார் மெதுவாக. "இப்படி ஒரு அறைக்குள்ள நான் ஒருத்தரையும் விட மாட்டேன். இந்தக் கணக்குப்படி உங்க எல்லாரையும் ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்" என்றாள் அக்கா. "நாங்க சொன்னா சாப்பிடாம வந்தோம்பாங்க."

கோச் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவரில்லை. அன்றைக்கே மாடிக்குப் போய் முதலாளியிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்பது மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டில் அவர் அக்காவிடம் சொன்னதிலிருந்து தெரிந்தது. அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் டிரையர் அறை கிளப்புக்குக் கிடையாது. ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இப்போது அறை போனால் ஆறு பேரின் பழக்கமும் கரைந்துவிடும்.

"உங்க பத்து நாளை நான் ஏத்துக்கறேம்மா" என்றார் கோச். "ஆறாவது இடம் உங்களுக்குத்தான். தகுதி இருக்கு, யாரும் கேள்வி கேட்க முடியாது. தாள் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

மூன்று வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

அன்று மாலை வீட்டில் அம்மா நேராகவே சொன்னாள்: "வாங்கிக்கோடி. எட்டு மணி நேரம் நின்னதுக்கு ஏதோ ஒண்ணு கிடைக்குதே. ஊரைத் திருத்துற வேலை உனக்கெதுக்கு?"

அக்கா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவே மறந்துபோய் உள்ளே போகத் திரும்பியபோதுதான் பேசினாள்.

"ஒரே விரிப்பும்மா. இந்த முனையை நான் பிடிக்கிறேன், அந்த முனையைப் புதுசு பிடிக்கிறா. என் முனையில நாற்பத்து மூணு டிகிரின்னு ஒத்துக்கிறாங்க. அவ முனையில ஒண்ணுமில்லையாம். அவ சாப்பிடாம வந்தாளாம்."

அம்மா ஒரு பழைய துணியை எடுத்துவந்து செயினின் மறுபக்கத்தைத் துடைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் அக்கா கோச்சிடம் தாளைத் திருப்பிக் கேட்டாள். அவர் தயங்கினார், ஆனால் கொடுத்துவிட்டார். அவள் நேராகப் போய் கண்ணாடிக் கதவில், அவருடைய விதித்தாளுக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டினாள். இடதுபக்கம் ஒரு மனித உடம்பு எவ்வளவு தாங்கலாம் என்பது. வலதுபக்கம் அந்தக் கட்டடத்தில் ஒன்பது உடம்புகள் எவ்வளவு தாங்குகின்றன என்பது. ஐந்து மணிக்கு வந்த ஆறு பேரும் உள்ளே போகாமல் கதவருகே நின்று படித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. வங்கிக்காரர் மட்டும், "அறையைப் பறிகொடுக்க வழி பண்ணிட்டாங்க" என்று முணுமுணுத்தார்.

முதலாளி தாளைக் கிழிக்கச் சொன்னார். சூப்பர்வைசர் வலதுபக்கத் தாளைக் கிழித்தார். இடதுபக்கத் தாளைத் தொட முடியவில்லை, அதில் முதலாளியின் கையெழுத்து இருந்தது. அதுதான் அவர்கள் செய்த தப்பு. மறுநாள் காலையிலிருந்து ஒன்பது பெண்களும் அந்தத் தாளின்படி நடக்க ஆரம்பித்தார்கள். கால்மணிக்கு ஒரு தடவை ரோலர் நின்றது, ஒன்பது பேரும் தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்து வந்தார்கள். தெர்மாமீட்டர் நாற்பதைத் தாண்டியதும் ரோலரை அணைத்துவிட்டு வெளியே வந்து விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தராசில் எடை இறங்கியவள் திரும்ப வேலைக்கு எழுந்திருக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் ஈர விரிப்புகள் தலை உயரத்துக்குக் குவிந்தன.

முதலாளி இறங்கி வந்தார். "நாளைக்கே ஒன்பது புது ஆளை நிறுத்த எனக்குத் தெரியும்."

மடிப்பு அக்கா உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். "நிறுத்துங்க சார். ஆனா முதல் நாள் முப்பது நிமிஷம்தான் உள்ளே விடணும். உப்பு இறங்க ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒவ்வொருத்தியா விழுவா, நீங்க காலையில என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டே நில்லுங்க. எல்லாம் நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லதான் இருக்கு."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அந்தத் தாளை அவர் முழுதாகப் படித்ததே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள். ஏழு வருடமாக வெந்து வெந்து அந்த உடம்புகள் கற்றுக்கொண்டதுதான் அவருடைய லாண்டரியை ஓட்டுகிறது. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரலாம், அந்த உடம்பைக் கொண்டுவர முடியாது. நான்கு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் ரோலருக்கு மேலே கூரையில் துளை போட்டு, சூட்டை வெளியே இழுக்கும் இரண்டு விசிறிகளை மாட்டினார்கள். ஜன்னல்களுக்கு வலை அடித்துத் திறந்தார்கள். தண்ணீர்க் கேன் அறைக்குள் வந்தது. புதிதாகச் சேருபவளுக்கு முதல் வாரம் பாதி ஷிப்ட். இவ்வளவும் ஏழு வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். ஒரே நாள் வேலைதான் அது.

டிரையர் அறையைக் கிளப்பிடமிருந்து அவர் பிடுங்கிக்கொண்டார், வாசல் பேனரும் இறங்கியது. கிளப்பில் பாதிப் பேர் அக்காவோடு பேசவில்லை. ஆறாவது இடம் பத்து நாளையும் முடித்திருந்த வங்கிக்காரருக்குப் போனது. விதி விதிதான் என்றார் கோச். தாள் அவரிடம் இருந்தபோது விதி வளைந்தது, கதவுக்குப் போனதும் நிமிர்ந்துவிட்டது. இதை நான் கோச்சின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னை அதட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஓட்டத்தன்று வங்கிக்காரர் இருநூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் காரில் ஏறிவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அதற்கும் அக்காவிடம் திட்டு வாங்கினேன். "அந்த மனுஷன் இருநூத்து நாற்பது மிதிச்சிருக்கார். நீ மிதிச்சுப் பாரு" என்றாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ரோலர் அறை இப்போது முப்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. போன மாதம் தேர்வு ஓட்டத்தில் அக்கா நான்காவதாக வந்தாள். வெப்ப அறை இந்த முறை மருந்துக்கடைக்காரரின் காலிக் கிடங்கில், ஆறரை மணிக்கு மேல். அக்காவின் வேலை நேரத்துக்காக அவரே அப்படி வைத்தார், அதை அவர் எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. "அறை குளிர்ந்து போச்சு, இப்போ எனக்கு நிஜமாவே பயிற்சி வேணும்" என்று அக்கா சிரித்தாள்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். கருநீலச் சட்டையோடுதான் மிதித்தாள். ரோலர் அறை குளிர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டதால் முதுகில் மறுபடியும் மெல்லிய வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. முப்பதாவது நிமிடம் கோச் விசில் ஊதினார்.

"போதும்மா, இறங்குங்க."

அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை. தன்னைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் அருகில் வந்து கைப்பிடியைத் தொட்டு இன்னொரு முறை சொன்னார். இறங்கினாள். மருந்துக்கடைக்காரர் ஐஸ் துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கழுத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இஸ்திரி, முடியலையா?"

"அதில்ல அண்ணே" என்றாள். "எட்டு வருஷத்துல ஒருத்தர் என்னைப் பார்த்துப் போதும்னு சொல்றது இதுதான் முதல் தடவை."